நாம் உட்கார மறுத்த நாற்காலி

ஜூரி டூட்டி சம்மன் வந்தால் எப்படித் தப்பிப்பது என்பதில் அமெரிக்கத் தமிழர்களான நமக்கு இருக்கும் புலமை வேறு எந்தச் சட்ட விஷயத்திலும் கிடையாது. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "சம்மன் வந்திருக்கு, என்ன பண்ணலாம்?" என்று கேட்டால் போதும். விசா புதுப்பிப்பு பற்றிக் கேட்டால்கூட இத்தனை வேகத்தில் பதில் வராது. "ஒரு தடவை தள்ளிப்போடுங்கண்ணா, அப்புறம் அவங்களே மறந்துடுவாங்க." "போலீஸ் சொன்னா அது உண்மையாத்தான் இருக்கும்னு சொல்லுங்க சார், எதிர்த்தரப்பு வக்கீலே வீட்டுக்கு அனுப்பிடுவார்." "குழந்தையைப் பார்த்துக்க ஆள் இல்லைன்னு எழுதுங்கக்கா." அந்த அக்காவின் அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு மாதமாக அவர் வீட்டில்தான் இருக்கிறார். நாமெல்லாம் சிரிக்கும் முகம் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

குடியுரிமைத் தேர்வுக்கு நூறு கேள்விப் பட்டியலை அலுவலகம் போகும் வழியெல்லாம் உருப்போட்டவர்கள் நாம். அதில் ஒரு கேள்வி, குடிமக்களுக்கு மட்டுமே உரிய பொறுப்பு ஒன்றைச் சொல்லச் சொன்னது. ஏற்கப்பட்ட விடைகள் இரண்டே: கூட்டரசுத் தேர்தலில் வாக்களிப்பது, ஜூரியில் பணியாற்றுவது. மார்ட்டின் லூதர் கிங் என்ன செய்தார் என்ற கேள்வியும் அதே பட்டியலில் இருந்தது. குடிமை உரிமைகளுக்காகப் போராடினார் என்று அதிகாரியிடம் டக்கென்று சொன்னோம். ஜூரி என்ற விடைக்கும் குடிமை உரிமை என்ற விடைக்கும் என்ன உறவு என்று நாம் யோசித்ததே இல்லை. தேர்வில் தேறிவிட்டோம், அவ்வளவுதான்.

உறவு நெருக்கமானது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த பிறகு மேற்கு வர்ஜீனியா, ஜூரியில் வெள்ளை ஆண்கள் மட்டுமே உட்காரலாம் என்று சட்டம் வைத்திருந்தது. 1880-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதன்பின் தெற்கு மாநிலங்கள் விலக்கி வைப்பதைச் சட்டத்தில் எழுதாமல் காரியத்தில் தொடர்ந்தன. 1931-இல் அலபாமாவின் ஸ்காட்ஸ்பரோவில், சரக்கு ரயிலில் வந்த ஒன்பது கறுப்பினப் பையன்கள் மீது வல்லுறவுப் பொய்க்குற்றம் சாட்டப்பட்டது. ஜூரி முழுக்க வெள்ளையர். எட்டுப் பேருக்கு மரண தண்டனை. பிற்பாடு, கறுப்பர்களையும் ஜூரிப் பட்டியலில் வைத்துத்தான் இருந்தோம் என்று பதிவேட்டைக் காட்டினார்கள். 1935-இல் அந்தப் பதிவேடே வாஷிங்டன் வரை வந்தது. நீதிபதிகள் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார்கள். பெயர்கள் பிறகு செருகப்பட்டவை என்பது தெரிந்தது.

போலிப் பதிவேட்டுக் காலம் மலையேறிவிட்டது என்று நினைத்தால், அதைவிட நாசூக்கான வழி ஒன்று வந்தது. ஜூரித் தேர்வில் இரு தரப்பு வக்கீல்களும் சிலரைக் காரணம் சொல்லாமலே நீக்கலாம். 1986-இல் பேட்சன் வழக்கின் தீர்ப்பு, நிறத்தைப் பார்த்து நீக்கக்கூடாது, ஐயம் எழுந்தால் அரசு வக்கீல் வேறு காரணம் காட்ட வேண்டும் என்றது. மறு வருஷமே ஜார்ஜியாவில் ரோம் என்ற ஊரில் டிமதி ஃபாஸ்டர் என்ற கறுப்பின இளைஞரின் கொலை வழக்கு விசாரணைக்கு வந்தது. தகுதி பெற்று மிஞ்சிய நான்கு கறுப்பர்களையும் அரசுத் தரப்பு நீக்கியது. நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் சொன்னது. வெள்ளை ஜூரி மரண தண்டனை கொடுத்தது. கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து, தகவல் பெறும் சட்டத்தின்கீழ் அரசு வக்கீல்களின் கோப்பு வெளியே வந்தது. ஜூரிப் பட்டியலில் கறுப்பர்களின் பெயர்கள் மட்டும் பச்சை மையால் அழுத்தித் தீட்டப்பட்டிருந்தன. பச்சை என்றால் கறுப்பர் என்று பக்கத்தின் மேலேயே ஒரு குறிப்பு. பெயர்களுக்கு எதிரே 'பி' என்ற எழுத்து. கட்டாயம் வேண்டாதவர்கள் என்று தனியாக ஒரு பட்டியல்; ஆறு பெயர்களில் முதல் ஐந்து கறுப்பர்கள். கிளார்க்குகள் கோப்பை ஒழுங்காக வைத்திருப்பது எவ்வளவு நல்ல பழக்கம்! 2016-இல் உச்ச நீதிமன்றம் ஃபாஸ்டரின் பக்கம் நின்றபோது, அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டு இருபத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது.

மிசிசிப்பியின் வினோனாவில் கர்ட்டிஸ் ஃபிளவர்ஸின் கதை இன்னும் விசித்திரம். 1996-இல் ஒரு மரச்சாமான் கடையில் நடந்த நான்கு கொலைகளுக்காக அவர்மீது ஆறு தடவை விசாரணை நடந்தது. ஆறு தடவையும் ஒரே அரசு வக்கீல், டக் எவன்ஸ். நீக்க வாய்ப்பிருந்த கறுப்பினத்தவர் 42 பேரில் 41 பேரை அரசுத் தரப்பு நீக்கியது. ஆறாவது விசாரணையில், நீக்கப்பட்ட ஐந்து கறுப்பர்களிடம் அது கேட்ட கேள்விகள் 145; உட்கார வைக்கப்பட்ட பதினொரு வெள்ளையரிடம் கேட்டவை 12. யாரை எங்கே பார்த்தாய், யார் உனக்கு உறவு, யாரோடு வேலை செய்தாய் என்று துருவித் துருவிக் கேட்டு, ஏதாவது ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு நீக்குவது. 2019-இல் உச்ச நீதிமன்றம் இந்தத் தண்டனையை ரத்து செய்தது. மறு வருஷம் வழக்கே கைவிடப்பட்டது. அதற்குள் ஃபிளவர்ஸின் வாழ்க்கையில் ஏறக்குறைய இருபத்து மூன்று வருஷம் சிறையில் போயிருந்தது.

அப்படி 145 கேள்விகளுக்குப் பதில் சொல்லியும் உட்கார விடப்படாத நாற்காலியைத்தான் நாம் ஒரு பொய்க் காரணத்தால் தட்டிக்கழிக்கிறோம். நாம் உட்கார்ந்தால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஃபுளோரிடாவில் இரண்டு கவுண்டிகளில் 2000 முதல் 2010 வரை நடந்த வழக்குகளைப் பொருளியலாளர்கள் சிலர் ஆராய்ந்தார்கள். ஜூரித் தேர்வுக்கு அழைக்கப்பட்ட கூட்டத்தில் ஒரு கறுப்பர்கூட இல்லாத நாட்களில், குற்றம் சாட்டப்பட்ட கறுப்பர்களில் 81 சதவீதம் பேர் தண்டனை பெற்றார்கள். வெள்ளையரில் 66 சதவீதம். கூட்டத்தில் ஒரே ஒருவர் கறுப்பராக இருந்தாலும் அந்த இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. நம்மைப் போன்ற வேறு நிறத்தவர் இருந்தால் என்ன ஆகும் என்பது அந்த ஆய்வின் கேள்வி அல்ல. யார் கண்டது, நாம் போய் வெள்ளையரைவிடக் கறாராக நடந்துகொள்ளவும் கூடும். அந்தப் பயம் எனக்கு உண்டு.

காரணம் இருக்கிறது. நகரத்தின் சில தெருக்களில் சிக்னலில் நிற்கும்போது, நடைபாதையில் ஒரு கறுப்பின இளைஞன் வந்தால், நம் கார்க் கதவுகள் 'டக்' என்று பூட்டிக்கொள்கின்றன. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பின் சீட்டில் இருக்கும் குழந்தை அந்தச் சத்தத்திலிருந்தே பாடம் படித்துக்கொள்கிறது. வீடு வாங்கும்போது பள்ளிக்கூட ரேட்டிங் என்ற பெயரில் நாம் எதைத் தவிர்த்தோம் என்பது நமக்கும் தெரியும், வீட்டு ஏஜெண்டுக்கும் தெரியும். "அந்த ஏரியா வேண்டாம்ப்பா" என்று அடுத்து வருகிறவருக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். மாட்ரிமோனியில் 'நல்ல கலர்' தேடுகிற சமூகம், அமெரிக்கா வந்து இறங்கியதும் நிறவெறிக்குப் புதிதாகப் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பழக்கத்துக்கு இங்கே ஒரு பழைய பதிவும் உண்டு. 1790-இல் இருந்து இந்த நாட்டில் குடியுரிமை கேட்க 'சுதந்திரமான வெள்ளையர்' ஆக இருக்க வேண்டும். 1870-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் சேர்க்கப்பட்டார்கள். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபி, குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். அந்த இன விதியே அநியாயம் என்று அவர் வாதாடவில்லை. தான் உயர்சாதி, ஆரிய ரத்தம், ஆகவே வெள்ளையருள் ஒருவன் என்று வாதாடினார். 1923-இல் நீதிமன்றம், சாதாரண வெள்ளைக்காரன் உன்னை வெள்ளையன் என்று ஒப்புக்கொள்ள மாட்டான் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். சாதியைச் சொல்லி முன்வாசலில் நுழையப் பார்த்தோம், வாசல் சாத்தப்பட்டது. 1946-இல் குடியுரிமை பெறும் தகுதி கிடைத்தபோதும் இந்தியாவுக்கு வருஷத்துக்கு நூறு பேர் என்றுதான் ஒதுக்கீடு. கதவு அகலத் திறந்தது 1965 குடிவரவுச் சட்டத்தால். வாக்குரிமை கேட்டு அலபாமாவின் செல்மா பாலத்தில் தடியடி வாங்கியவர்களால் வாக்குரிமைச் சட்டம் வந்த அதே வருஷம், அதே காங்கிரஸ், அதே ஜனாதிபதி ஜான்சன். இனத்தை வைத்து ஆட்களைப் பிரிப்பது வெட்கக்கேடு என்று நாட்டையே ஒப்புக்கொள்ள வைத்தவர்கள் கறுப்பின மக்கள். அந்த ஒப்புதலின் உபரியில்தான் நம் மாமாக்களும் பெரியப்பாக்களும் மெட்ராஸில் விமானம் ஏறினார்கள். நாமோ அதை ஐஐடியின் பெருமையாகவும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பெருமையாகவும் மட்டுமே சொல்லி வருகிறோம்.

2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசன் நகரில் நடந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்த ஒரு தாத்தா காலையில் வீட்டு வாசல் தெருவில் நடந்துகொண்டிருந்தார். ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவன் சுற்றுகிறான் என்று யாரோ போலீஸுக்குப் போன் செய்தார்கள். ஆங்கிலம் தெரியாத அந்தப் பெரியவரை ஒரு போலீஸ்காரர் தரையில் மோதித் தள்ளினார். முதுகுத்தண்டில் அடி, உடல் ஓரளவு செயலிழந்தது. நமக்கு ரத்தம் கொதித்தது. நிதி திரட்டினோம், இந்தியத் தூதரகம் பேசியது. எல்லாம் சரி. ஆனால் அன்று நாம் எழுதியதையும் பேசியதையும் திரும்ப எடுத்துப் பார்த்தால் ஒரு தொனி உறுத்துகிறது. அவரைக் கறுப்பர் என்று தவறாக நினைத்துவிட்டார்களாம், பாவம்! நம் குமுறலில் பாதி அந்தத் தவறைப் பற்றியது. அவர் நிஜமாகவே ஒல்லியான ஒரு கறுப்பினத் தாத்தாவாக இருந்திருந்தால் நம் குழுக்களில் அந்தச் செய்தி ஒரு நாள்கூடத் தங்கியிருக்காது. அதற்கு ஆறு மாதம் முன்புதான் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸால் சுடப்பட்டிருந்தார். அப்போது நாம் பேசியதெல்லாம் கடைகள் சூறையாடப்பட்டதைப் பற்றி. மேடிசன் சம்பவத்துக்கு அடுத்த மாதம் நீதித்துறை வெளியிட்ட அறிக்கை, ஃபெர்குசன் மக்களில் 67 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவர்தான் போலீஸ் செய்த கைதுகளில் 93 சதவீதம் என்றது. அபராதம் வசூலித்தே நகராட்சி தன் வருமானத்தைப் பெருக்கிக்கொண்டது என்றது. அதை யாரும் நமக்கு ஃபார்வர்டு செய்யவில்லை. நாமும் தேடிப் படிக்கவில்லை.

அலபாமா போலீஸ்காரர் மீது கூட்டரசு வழக்கு நடந்தது. இரண்டு விசாரணைகளிலும் ஜூரியால் ஒருமித்து முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் நீதிபதியே அவரை விடுவித்தார். அநியாயம் என்றோம். தீர்ப்பு சொல்ல வேண்டிய அந்த நாற்காலிகள் எப்படி நிரம்புகின்றன, சம்மன் வந்தபோது நாம் என்ன செய்தோம் என்ற பேச்சு அப்போதும் எழவில்லை.

நம் தயக்கத்துக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். போலீஸ் ஸ்டேஷன், கோர்ட் வாசற்படி மிதிக்காதவன்தான் நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்தியாவில் நானாவதி வழக்கோடு ஜூரி முறைக்கு மவுசு போய், பிறகு முறையே ஒழிந்துவிட்டது. ஆகவே நம் அப்பாவோ தாத்தாவோ ஜூரியில் உட்கார்ந்த கதை நம் வீட்டில் இல்லை. அதற்கு மேல், விசாவிலும் கிரீன் கார்டு வரிசையிலும் பத்துப் பதினைந்து வருஷம் தலை குனிந்து வாழ்ந்த பழக்கம். எந்தக் காகிதத்திலும் தேவையில்லாமல் பெயர் வரக்கூடாது என்பதே அந்தக் காலத்தின் வேதம். தானுண்டு தன் வேலையுண்டு. கையில் அமெரிக்கப் பாஸ்போர்ட் வந்த பிறகும் முதுகு நிமிரவில்லை.

ஆனால் பணத்தைக் காரணம் காட்டுவது நமக்கு அழகில்லை. கலிஃபோர்னியாவின் பெரும்பாலான கவுண்டிகளில் ஜூரிக்கு முதல் நாள் ஒன்றும் கிடையாது, இரண்டாம் நாளிலிருந்து 15 டாலர். மணிக்கணக்குக் கூலியில் சமையல்கூடத்திலோ கிடங்கிலோ வேலை பார்க்கிறவருக்கு ஒரு வார விசாரணை என்றால் அந்த மாத வாடகை போச்சு. கஷ்டத்தைச் சொல்லி விலக்குக் கேட்பவர்களில் அவர்கள் இருப்பது நியாயம். அதனால்தான் சான்ஃபிரான்சிஸ்கோவில் 2022-இல், வருமானம் குறைந்த ஜூரர்களுக்கு நாளுக்கு 100 டாலர் கொடுக்கும் சோதனைத் திட்டமே தொடங்கினார்கள். போதாக்குறைக்கு, பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவரைக் கூட்டரசு நீதிமன்றங்களும் பல மாநிலங்களும் ஜூரியில் சேர்ப்பதில்லை. 2010 நிலவரப்படி கறுப்பின ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அப்படிப்பட்ட தண்டனைப் பதிவு உள்ளவர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இப்படி ஒருவர் பின் ஒருவராக வடிகட்டிய பிறகு, சம்பளம் பிடிக்காத ஐ.டி. நிறுவனத்தில், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நாமும் நழுவுகிறோம். மிஞ்சி உட்காருவது யார்? ஓய்வுபெற்ற, வசதியான, பெரும்பாலும் வெள்ளையர்கள். பிறகு தீர்ப்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறோம்.

இன்றைக்கு வழக்குகளில் பெரும்பாலானவை விசாரணைக்கே வருவதில்லை என்ற வாதம் உண்டு. 2012-இல் உச்ச நீதிமன்றமே சொன்ன கணக்கு: கூட்டரசுத் தண்டனைகளில் 97 சதவீதமும் மாநிலத் தண்டனைகளில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டு பேரம் பேசி முடிந்தவை. அந்தப் பேரத்தில் இரு தரப்பும் மனசுக்குள் போடும் கணக்கு ஒன்றுதான். இந்தக் கவுண்டியில் பன்னிரண்டு பேரைக் கூட்டினால் என்ன சொல்வார்கள்? அந்தப் பன்னிரண்டு பேரின் முகம் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததால்தான், செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டு ஐந்து வருஷத்தோடு போகட்டும் என்று கையெழுத்துப் போடுகிறவன் போடுகிறான்.

பேரத்தின் மறுமுனையில் இருப்பவர் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி. பெரும்பாலான மாநிலங்களில் அது தேர்தல் பதவி. 2020-இல் கமலா ஹாரிஸுக்காகத் துளசேந்திரபுரம் கோயிலில் அர்ச்சனை நடந்தபோது இங்கே நாமும் இனிப்பு கொடுத்தோம். அவர் மேடையில் 'சித்தி' என்றதற்குக் கண் கலங்கினோம். அவர் தொழிலே சான்ஃபிரான்சிஸ்கோவின் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியாகவும், பிறகு கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலாகவும் அரசுத் தரப்பில் வழக்கு நடத்தியதுதான். பிள்ளைகள் தொடர்ந்து பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோர் மீது வழக்குப் போடலாம் என்ற மாநிலச் சட்டத்துக்கு அவர் ஆதரவு திரட்டியதைக் கறுப்பினச் செயல்பாட்டாளர்கள் கேள்வி கேட்டார்கள். ஆதரித்தோ எதிர்த்தோ அந்த விவாதத்துக்குள் நாம் போகவேயில்லை. நமக்குத் தேவைப்பட்டது இட்லியும் தாத்தாவும் பெசன்ட் நகர் கடற்கரையும். வாக்குச்சீட்டில் ஜனாதிபதி பெயருக்கு எதிரே குறியிட்டுவிட்டு, மறுபக்கத்தில் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, ஷெரிஃப், உள்ளூர் நீதிபதி இருக்கும் கட்டங்களைக் காலியாகவே விட்டுவிட்டு வருகிறோம். உச்ச நீதிமன்றத்தில் குட்டு வாங்கிய அதே டக் எவன்ஸ், அதே 2019 நவம்பரில் போட்டியே இல்லாமல் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டார். அது மிசிசிப்பி, நம் ஊர் அப்படி இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நம் கவுண்டியின் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி பெயரைப் பார்க்காமல் சொல்லத் தெரிந்தால் சொல்லிக்கொள்வோம்.

நம் சங்கங்கள் வரித் தாக்கலுக்கு வெபினார் நடத்துகின்றன. கல்லூரிச் சேர்க்கைக்கு, உயில் எழுதுவதற்கு, சேமிப்புத் திட்டங்களுக்கு நடத்துகின்றன. ஜூரி நாற்காலியைப் பற்றி ஒரு சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கிய சங்கத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. கூப்பிட்டால் வந்து பேச அரசுச் செலவில் வாதாடும் வக்கீல்கள் எல்லாக் கவுண்டியிலும் இருக்கிறார்கள். ஜூரியை எதிர்கொண்டு வாழ்கிறவர்கள் அவர்கள்தான்.

வாஷிங்டன் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒரு விதி கொண்டுவந்தது. பேட்சன் தீர்ப்பு வந்து முப்பது வருஷம் ஆகியும் கறுப்பர்கள் சில்லறைக் காரணங்களால் நீக்கப்படுவது நிற்கவில்லை என்று அலுத்துப்போய்க் கொண்டுவந்த விதி. காலங்காலமாக ஓரவஞ்சனைக்குப் பயன்பட்டு வந்த ஏழு காரணங்களை அது பட்டியலிட்டு, இவற்றைச் சொல்லி ஜூரரை நீக்கினால் அந்தக் காரணம் செல்லாது என்றே முதலில் கருதப்படும் என்கிறது. போலீஸோடு முன்பு ஏதாவது தொடர்பு இருந்தது, போலீஸ் மீது நம்பிக்கை இல்லை, கைதானவர்களுக்கு நெருங்கியவர், குற்றம் மிகுந்த பகுதியில் வசிப்பவர், திருமணம் ஆகாமல் பிள்ளை பெற்றவர், அரசு உதவி வாங்குபவர் என்று போகிறது பட்டியல். கறுப்பின மக்கள் மீது வீசப்பட்ட காரணங்களே அநேகமாக அத்தனையும். ஏழாவது மட்டும் நமக்கும் பொருந்துவது: ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர். நம் உச்சரிப்பைச் சாக்காக வைத்து எந்த வக்கீலும் நம்மை எளிதில் எழுப்பிவிட முடியாதபடி காவல் போட்டிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட்டிலும் அமேசானிலும் வேலை பார்க்கும் தமிழர்கள் நிறைந்த ரெட்மண்ட், பெல்வியூ, சம்மாமிஷ் ஊர்கள் இருக்கும் கவுண்டியின் பெயர் கிங். மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர்தான்; கவுண்டியின் சின்னத்திலும் அவர் முகமே. அந்தக் கவுண்டியின் நீதிமன்றத்தில், எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்று நாமே நீதிபதியிடம் சரளமாக விளக்கிக்கொண்டிருக்கிறோம்.